உரிமம் இல்லாத காவல்

காவல் நிறுவனம் தொடங்க உரிமம் கேட்டு, முன்னாள் ராணுவ சார்ஜென்ட் நமுகோலோ, ஜாம்பியாவின் லுசாக்கா நகர உரிம அலுவலகத்துக்கு ஐந்தாவது முறையாக வந்தாள். அவளை நம்பிப் பன்னிரண்டு பேர் வேலையின்றிக் காத்திருந்தார்கள்.

"உங்க ஃபைல் இல்ல, மேடம்," என்றார் அதிகாரி சிலுஃபியா. "சனிக்கிழமை திருடன் அலமாரியோட தூக்கிட்டுப் போயிட்டான்."

"போன தடவை கையெழுத்து சாய்ஞ்சிருக்குன்னீங்க. இப்ப அலமாரியே காணோமா? வாசல்ல காவலுக்கு ஆள் போடலையா?"

"உரிமம் உள்ள கம்பெனியைத்தான் போடணும், சட்டம். ஒரு கம்பெனியைப் போன வருஷமே முடிவு பண்ணிட்டோம். அவங்ககிட்ட இன்னும் உரிமம் இல்ல."

"உரிமம்கூட வாங்கத் துப்பில்லாத கம்பெனி எது சார்?"

அதிகாரி புது விண்ணப்பத்தை நீட்டினார்.

"உங்களோடதுதான், மேடம். சீக்கிரம் எழுதிக் குடுங்க. உடைச்ச கதவு இன்னும் திறந்தேதான் கிடக்கு."