இன்றைக்கும் தாங்குமா?

"மனசுல பட்டதை அப்படியே சொல்லணும் தம்பி. மூஞ்சிக்காகப் பேசறவங்களைக் கண்டா எனக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு டிவியை நிறுத்தினார் அனிதாவின் அப்பா கஜபதி.

உதயா நிமிர்ந்து உட்கார்ந்தான். அனிதாவைத் தனக்குக் கட்டிக்கொடுப்பாரா மாட்டாரா என்பது அவன் இப்போது சொல்லப்போகும் பதிலில்தான் இருந்தது. "நைனா சரின்னாத்தான் கல்யாணம், இல்லன்னா இல்ல" என்று அவள் கறாராகச் சொல்லியிருந்தாள். சென்னையிலிருந்து ரயில் பிடித்துத் திருத்தணியில் வந்து இறங்கினால், மனிதர் காப்பியைக் கொடுத்த கையோடு போட்டுக் காட்டியது இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு சினிமா.

அறுபதுகளின் மெட்ராஸில் நாலு காலேஜ் பையன்கள் 'நீல மயில்கள்' என்று ஒரு பாட்டுக் குழு தொடங்குகிறார்கள். கிடாரும் டிரம்ஸுமாக ஹோட்டல் ஹோட்டலாகப் பாடி, பேரும் புகழும் வந்ததும் அடித்துக்கொண்டு பிரிகிறார்கள். அதுதான் கதை. அந்தப் படத்தில் நைனாவும் வேலை பார்த்தார் என்று அனிதா சொல்லியிருந்தாள். என்ன வேலை என்று கேட்டதற்கு, "அங்க வந்து நீயே தெரிஞ்சிக்கோ" என்று சிரித்து மழுப்பிவிட்டாள்.

"சொல்லட்டுமா மாமா?"

"ஆங், சொல்லு. இன்னிக்குப் பாத்தா அந்தப் படம் தாங்குதா, இல்ல பழசாத் தெரியுதா?"

உதயாவுக்குத் துளிகூடப் பயமில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறவன். பாட்டைப் பற்றிப் பேசச் சொன்னால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"பாட்டு தாங்குது மாமா. அந்தக் கிடார் சத்தம் இன்னிக்கும் புதுசாவே இருக்குது. ரேடியோ ஸ்டேஷன் வாசல்ல நின்னுகினு தங்களோட பாட்டைத் தாங்களே கேக்கறாங்களே, அந்த எடத்துல எனக்குக் கண்ணு கலங்கிடுச்சி. ஆனா செகண்ட் ஆஃப்ல டிரம்ஸ் பூரா கம்ப்யூட்டர்ல போட்டது. அறுபத்தாறுல ஏது மாமா கம்ப்யூட்டரு?"

கஜபதி தொடையைத் தட்டினார். "கரெக்டு! அப்பவே டைரக்டர்கிட்ட சொன்னேன். எவன் கேட்டான்? அப்புறம்?"

"கிளைமாக்ஸ் இழுவை. நாலு பேரும் மாத்தி மாத்தி அழுதுகினே கெடக்கறாங்க. பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கினு வெட்டலாம்."

"அப்புறம்?"

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அனிதா கையை நிறுத்திவிட்டுக் கேட்பது தெரிந்தது. உதயாவுக்கு இன்னும் தெம்பு கூடியது.

"எல்லாத்தையும் மன்னிச்சிடலாம் மாமா. அந்த நாலு பேரு தலையைத்தான் மன்னிக்கவே முடியாது."

"ஏன், தலைக்கு என்னா?"

"விக்குன்னு பச்சையாத் தெரியுதே! டிரம்ஸ் வாசிக்கிறவன் ஆடும்போது தலை ஒரு பக்கம் போவுது, முடி ஒரு பக்கம் போவுது. மத்தவங்க வேணா ஏமாறலாம், விக்கு விஷயத்துல என்னை ஏமாத்த முடியாது. நூறடி தள்ளி வந்தாலும் கண்டுபிடிச்சிடுவேன்."

கஜபதி ரிமோட்டை மேஜை மேல் வைத்தார். வெளியே கிருத்திகைக்கு மலையேறுகிறவர்களின் 'அரோகரா' தெருவெல்லாம் கேட்டது.

"அந்த நாலு விக்கையும் கட்டினவன் நான்தான்" என்றார் நிதானமாக. "கோடம்பாக்கத்துல முப்பது வருஷம் அதான் என் தொழிலு."

உதயாவின் கை தானாக மேலே எழுந்து, பாதியில் இறங்கியது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று தன்னையே நொந்துகொண்டான். கல்யாணம் இதோடு போச்சு.

"மாமா... நான் வந்து... தெரியாம..."

"அட, பதறாத. நீ சொன்னது நூத்துக்கு நூறு நெசம். நாலே நாள்ல நாலு விக்கு கட்டச் சொன்னாங்க. டிரம்ஸ்காரனுக்கு அளவு பெருசாப் போயிடுச்சி. இன்னிக்கும் அந்த சீன் வந்தா நான் தலையைக் குனிஞ்சிக்குவேன். போன தடவை ஒரு சொந்தக்காரப் பையன் பொண்ணு கேட்டுகினு வந்தான். படம் பிரமாதம், முடி அதைவிடப் பிரமாதம்னான். அப்படியே அனுப்பிட்டேன். படத்தைப் பத்தி நீ ஒரு பொய்யும் பேசலை. எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்குது."

போன உயிர் திரும்பி வந்தது உதயாவுக்கு. அனிதா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் வந்து நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்ததும் விட்டுப்போன தைரியமும் வந்துவிட்டது.

"அப்போ தேதி எப்ப மாமா பாக்கலாம்?"

"தை மாசமே வெச்சிக்கலாம். ஒரே ஒரு விஷயம் மட்டும் பாக்கி" என்ற கஜபதி எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"ரெண்டு வருஷமா எங்கிட்ட மறைச்சிட்ட இல்ல?" என்றாள் அனிதா. "உன் போட்டோவைக் காட்டின அன்னிக்கே நைனா சொல்லிட்டாரு. பேச்சு வந்தாலாவது நீயே வாயைத் தொறந்து சொல்லுவியான்னு பாக்கத்தான் இந்தப் படத்தைப் போடச் சொன்னேன்."

"உன் விக்குக்கு இடது காதோரம் பசை விட்டுப்போச்சி மாப்ள" என்றார் கஜபதி. "கழட்டி வெச்சிட்டு நிம்மதியாச் சாப்பிட வா; திருத்தணியில மொட்டைத் தலையை எவனும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்!"