மேரியாண்ட

"காலையில மேரியாண்ட வந்துடுன்னாரு. வந்துட்டேன்க்கா" என்றாள் தனக்கொடி.

கையில் துணிப்பை. தலையில் வைத்திருந்த கனகாம்பரம் சேதராப்பட்டு பஸ்ஸின் நெரிசலில் கசங்கியிருந்தது.

மேரிக்குப் புரிந்துவிட்டது.

தனக்கொடி அவளோடு பஞ்சாலையில் வேலை செய்பவள். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து லீவில் வந்த இராமதாசை அவள் பார்த்துப் பழகியது நெல்லித்தோப்பில், மேரியின் வீட்டில்தான். இன்று மத்தியான ரயிலில் அவன் கிளம்புகிறான். அதற்கு முன் கல்யாணத்தைப் பதிந்துவிடலாம் என்று சொல்லியிருந்தான்.

பதிகிற இடம் கடற்கரையில் இருக்கும் நகராட்சி அலுவலகம். வெள்ளைக்காரன் போன பிறகும் டவுன்காரர்களுக்கு அது பிரெஞ்சுப் பெயரில் 'மேரி'தான். சேதராப்பட்டுப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? மேரியாண்ட என்றால் மேரியக்காகிட்ட என்று நினைத்து இங்கே வந்துவிட்டாள்.

மேரி அதைச் சொல்லவில்லை; அவன் அங்கேயாவது வருவானா என்று அவளுக்குச் சந்தேகம். ஒரு வாரமாக இராமதாஸ் இந்தப் பக்கமே வரவில்லை. வழியில் பார்த்தபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். தோட்டத்துப் பக்கம் போய்க் கணவர் அந்துவானிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரை அலுவலகத்துக்குப் போனார்.

தனக்கொடிக்கு உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனாள், வந்தாள். ரிக்‌ஷா மணி கேட்டால் எட்டிப் பார்த்தாள். பையிலிருந்து புதுப் புடவையை எடுத்துப் பிரித்தாள், மறுபடி மடித்தாள். டீ ஆடை கட்டிக் கிடந்தது.

மேரி புடைத்த அரிசியையே திரும்பவும் புடைத்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானச் சங்கு ஊதி வெகுநேரம் கழித்து அந்துவான் தனியாக வந்தார். மேரி வெளியே போய் சைக்கிள் பக்கத்தில் நின்று கேட்டாள். உள்ளே வந்து தனக்கொடியின் கையைப் பிடித்தாள்.

"மேரின்னா மாதா, மேரின்னா நானு, கடற்கரை ஆபீசும் மேரிதாண்டி. அங்க பெட்டியோட நின்னு நின்னு பாத்துட்டு ரயிலுக்குப் போயிட்டாராம்."

தனக்கொடி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஒரு வார்த்தை தெரியாமல் போச்சே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு, கோபமாகவா போனார் என்று கேட்டாள். வருத்தமாகத்தான் போனார் என்றாள் மேரி.

அதைக் கேட்டதும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. முகம் கழுவிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினாள்.

அவள் போன பிறகும் இருவரும் வாசலிலேயே நின்றார்கள்.

அலுவலகத்துக்கு அவன் வரவேயில்லை. அந்துவான் மூலக்குளத்தில் அவன் வீடு வரைக்கும் போய் விசாரித்திருந்தார். முந்தின நாளே ரயிலேறிவிட்டான் என்றார்கள்.

அவன் வந்து காத்திருந்தான் என்று நினைத்தாவது அவள் நிம்மதியாகப் போகட்டும் என்றாள் மேரி.

அந்துவான் சைக்கிளை நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"இனிமே அவனுக்காகக் காத்துக்கினே இருப்பாளே, மேரி?"

மேரி கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு தனக்கொடி பஸ் ஏறுவதற்குள் பிடித்துவிடத் தெருமுனைக்கு ஓடினாள்.