கல் இல்லாத கல்லுக்காடு

கிணற்றை எட்டி எட்டிப் பார்த்த ஆளைக் கண்டதுமே விவசாயியின் மனைவிக்குச் சுருக்கென்றது. "நிலத்தை வளைச்சுப்போட வந்த புரோக்கராத்தான் இருக்கும். வாயைக் கொடுத்து மாட்டிக்காதீங்க" என்று கணவனின் காதைக் கடித்தாள்.

வந்தவர் தண்ணீர் கேட்டு வாங்கி மடமடவென்று குடித்தார். "ஒரு கல்லைக்கூடக் காணோம். இதுக்கு ஏங்க கல்லுக்காடுன்னு பேரு?"

"அது தெரிஞ்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் மனைவி.

கொள்ளுத்தாத்தா பேச்சென்றால் விவசாயிக்கு வாய் நிற்காது. "அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கிடைச்ச ரெண்டு துண்டு நிலமுங்க. அண்ணன்தான் எங்க கொள்ளுத்தாத்தா. அவர்தான் முன்னாடி வந்து பார்த்துட்டு, இதுக்குக் கல்லுக்காடு, இன்னொண்ணுக்குப் பொன்வயல்னு பேர் வச்சாரு. பங்கு பிரிக்கறப்போ, 'உனக்குப் பிடிச்சதை எடுத்துக்கடா'ன்னு தம்பிக்கே விட்டுட்டாரு. தம்பி பொன்வயலை எடுத்துக்கிட்டாரு. அப்படி விட்டுக்கொடுத்த வம்சங்க நாங்க!"

"தம்பி நிலத்தைப் பார்க்கலையா?"

"அண்ணன் பார்த்தா போதாதா? பேரைக் கேட்டதுமே சரின்னுட்டாரு."

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "என்ன இப்படித் துருவுறீங்க? நீங்க யாரு, எந்த ஊரு, அதைச் சொல்லுங்க."

வந்தவர் அவளிடம் காலி டம்ளரை நீட்டினார்.

"பொன்வயல்தான், அண்ணி. அந்தத் தம்பியோட கொள்ளுப்பேரன். நாலு தலைமுறையா கிணறு வெட்டறோம், இன்னும் பாறைதான் வருது. இன்னொரு டம்ளர் தண்ணி கிடைக்குமா?"