கிழங்கு தோண்டும் நாள்

"தோட்ட வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கைத் தோண்டும்மா." உக்ரைனின் கார்கிவில் வாழ்க்கைப்பட்ட தமாரா, எல்லைக்கு அப்பால் ரஷ்யாவில் இருக்கும் அம்மாவிடம் மறுபடியும் சொன்னாள்.

"மழை கொட்டுது. கிழங்கு எங்கடி ஓடிடப் போகுது?"

தமாராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேச நாடு கொடுத்த நெடுந்தூர ஏவுகணைகளை எல்லை தாண்டி வீச இன்றுதான் அனுமதி கிடைத்திருந்தது. ஏவும் படையில் அவள் கணவன். அம்மா வீட்டுக்குப் பின்னாலேயே ஆயுதக் கிடங்கு; தோட்ட வீடோ ஊருக்கு வெளியே வெகுதூரம் தள்ளி. போனில் இதையெல்லாம் சொல்ல முடியுமா?

"ஒரு தடவையாவது நான் சொல்றதைக் கேட்டுத் தொலையேன்."

"சரி, போறேன். நீயும் பிள்ளைங்களோட உடனே உன் மாமியார் ஊருக்குக் கிளம்பு."

"நான் எதுக்கு?"

"அனுமதி கொடுத்ததை டிவியில சொன்னாங்க. உடனே உன் தம்பி ராணுவ முகாம்லேருந்து பேசினான். அக்காவையும் கிழங்கு தோண்டப் போகச் சொன்னான்."