வெள்ளைப்பொடி

"பிள்ளையார் கோயில் வேம்பு இன்னும் நிக்குதாக்கா?" என்று கேட்டான் வந்தவன். அதை ஊரில் யாரிடம் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள் பவளக்கொடி. பதினாறு வயதில் ஓடிப்போன தம்பி காத்தமுத்து என்று சொல்லிக்கொண்டு, முப்பது வருஷம் கழித்து, சரியாக அவள் மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் வந்து உட்கார்ந்திருக்கிறான். தாய்மாமன் போட வேண்டிய மாலையை எவனோ ஒருவன் கையில் எப்படிக் கொடுப்பது? வேண்டுமென்றே சீனி போடாமல் காப்பியை நீட்டினாள். அப்பா பேர் சீனி. புருஷன் பேரைச் சொல்லாத அம்மா, கடைசிவரை அதை வெள்ளைப்பொடி என்றுதான் சொன்னாள். பிள்ளைகள் வாய்தவறிச் சீனி என்றால் இரண்டு விரலால் உதட்டிலேயே சுண்டுவாள். அந்த வீட்டைத் தாண்டினால் வெள்ளைப்பொடி யாருக்கும் தெரியாது.

ஒரு மடக்குக் குடித்தவன் முகத்தைச் சுளித்தான். "யக்கா, சீனி போடலியா?"

ஆள் வேற. முடிவே கட்டிவிட்டாள். அதற்குள் அவன் தன் வாயில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டு, சுவரிலிருந்த அம்மா படத்தைப் பார்த்தான். "தம்பி..." என்று கூப்பிட வாயெடுத்தபோதுதான் கவனித்தாள். சீனி என்று காதில் விழுந்ததுமே அவளுடைய இரண்டு விரலும் அவள் உதட்டுக்குப் போயிருந்தன. யார் கை முதலில் போனது?

"அம்மா, மாலைய மாமாகிட்ட குடுத்துரவா?" உள்ளேயிருந்து மகள் கேட்டாள்.

"இருடி," என்றாள் பவளக்கொடி, உதட்டிலிருந்து விரலை எடுக்காமல்.