ஈஸ்டுக்குள் வந்த பெரிய மனுஷத் துண்டு

ஓர் ஆய்வுக்கூடத்தில் மனிதக் குரோமோசோமைத் துண்டு துண்டாக நறுக்கி, துண்டுக்கு ஓர் ஈஸ்ட் என்று உள்ளே வைத்து வளர்த்தார்கள். எந்தத் துண்டின் நுனி எந்தத் துண்டோடு பொருந்துகிறது என்று பார்த்து, வரிசையாக அடுக்கி, குரோமோசோமுக்கு வரைபடம் போடுவது அவர்கள் வேலை.

அதில் ஓர் ஈஸ்டுக்கு வாய்த்த துண்டு ராங்கி பிடித்தது. "நான் மனுஷ வம்சம். நீ பன்னை உப்ப வைக்கிற ஜென்மம். தள்ளி நில்லு" என்று வந்த அன்றே சொல்லிவிட்டது. "சரிங்கய்யா" என்று ஈஸ்ட் தன் உடம்புக்குள்ளேயே ஓரமாக ஒடுங்கிக்கொண்டது.

மற்றத் துண்டுகளெல்லாம் பக்கத்துத் துண்டைக் கண்டுபிடித்து வரைபடத்தில் போய் உட்கார்ந்துவிட்டன. ஐயாவோடு மட்டும் எதுவும் ஒட்டவில்லை. "பெரிய இடமுன்னா கொஞ்சம் தாமதமாகத்தான் செய்யும்" என்று ஈஸ்ட் தேற்றியது.

கடைசியில் ஆய்வாளர் ஜெசிந்தா கணினித் திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இது மனுஷத் துண்டே இல்லப்பா! ஈஸ்டோட துண்டு ஒண்ணு எப்படியோ கலந்து போயிருக்கு. வரைபடத்துல இருந்து எடுத்துடு" என்று உதவியாளரிடம் சொன்னார்.



துண்டைவிட ஈஸ்டுக்குத்தான் பெரிய அதிர்ச்சி.

"அந்தம்மா கண்ணுல என்ன கோளாறோ! நீங்க போய் எங்க ஆளா? அடுக்குமாய்யா இது?" என்று பதறியபடி, அது இன்னும் கொஞ்சம் ஓரமாக ஒடுங்கிக்கொண்டது.