கேட்காமல் வந்த பிரேக் ஷூ

ஸ்ரீவத்சனுக்கு முப்பது வயது. வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்பவன். அவனுடைய பழைய பைக்குக்கு உதிரி பாகம் கிடைக்கும் ஒரே இடம் மயிலாப்பூரில் அய்யாதுரையின் கடைதான். போனில் சொன்னால் போதும், மதியத்துக்குள் வீட்டுக்கே வந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை, கேட்காமலே ஒரு ஜோடி பிரேக் ஷூ வந்தது. அய்யாதுரை அனுப்பினால் காரணம் இருக்கும் என்று அன்றே மாற்றிக்கொண்டான்.

மறுநாள் அடையாறில், பள்ளி வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறுமி குறுக்கே ஓடிவந்தாள். பைக் அவளுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

அங்கிருந்து நேரே கடைக்குப் போய் அய்யாதுரையின் கைகளைப் பிடித்துக்கொண்டான்.

"கேக்காமலே அனுப்பினேளே அண்ணாச்சி. ஒரு குழந்தை பொழைச்சுது."

"கேக்காம எப்படி அனுப்புவேன்? நீங்கதான போன் பண்ணீக. உங்க நம்பர்தான். குரல் மட்டும் ரொம்ப வயசான மாதிரி இருந்துச்சு. இத்தனை வருசமாகியும் அந்தப் புள்ள முகம் மறக்கலன்னு அழுதீக. எனக்கு ஒண்ணும் புரியல, ஷூவை அனுப்பிட்டேன்."

ஸ்ரீவத்சன் வெகுநேரம் கையை விடவில்லை.

"அவர் மறுபடி கூப்பிட்டா, குழந்தைக்கு ஒண்ணும் ஆகலைன்னு சொல்லிடுங்கோ அண்ணாச்சி" என்றான்.